ஒரு வருஷத்துக்கு வீட்டு அறிவியல்: விசை, வெப்பம், ஒளி, மின்சாரம் – 6, 9 வயசுக்கு எப்படித் திட்டம் போடறது?

கோவை_ரெட்டைவால் | மே 12

வணக்கம்ங்க, இங்க இதான் என் முதல் பதிவு. பெரியவனுக்கு 9, சின்னவளுக்கு 6. டிசம்பர்ல ரெண்டு பேரையும் ஸ்கூல்ல இருந்து நிறுத்திட்டோம். தமிழும் கணக்கும் ஓரளவு வண்டி ஓடுது. அறிவியல்ல செடி, பூச்சி, குருவி எல்லாம் அவங்களே பார்த்துக்கறாங்க, பின்னாடி தோட்டம் இருக்கு. நான் முழிக்கிறது இந்த விசை, வெப்பம், ஒளி, ஒலி, மின்சாரம், அமிலம்-காரம் பக்கம்தான். நான் படிச்சது பி.காம். பத்தாங்கிளாஸோட இயற்பியலுக்குக் கும்பிடு போட்டாச்சு.

2,800 ரூபாய்க்கு ஒரு கிட் வாங்கினேன். 40 செய்முறைன்னு அட்டைல போட்டிருந்துச்சு. ஒன்பதே நாள்ல நாப்பதும் தீர்ந்துபோச்சு. "என்னடா கத்துக்கிட்ட?"ன்னு பெரியவன்கிட்ட கேட்டா, "எரிமலை பொங்கும்மா"ங்கறான். எதனாலன்னு கேட்டா, "அந்தப் பாக்கெட்ல இருந்த பொடியால."

ஜூன்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் வாரத்துக்கு ரெண்டு மதியம் ஒதுக்க முடியும். வருஷத் திட்டம் வெச்சிருக்கவங்க பகிருங்களேன்.

எக்செல்_அப்பா | மே 12

நல்வரவு. சென்னையில இருக்கோம், மகளுக்கு 8. என்னோட ஷீட் ரெடி: 36 வாரம், 6 தலைப்பு, தலைப்புக்கு 6 வாரம், வாரத்துக்கு 2 செய்முறை. ஒவ்வொண்ணுக்கும் பொருள் பட்டியல், நேரம், முடிச்சாச்சான்னு டிக் பண்ற கட்டம். சமச்சீர் 3, 4, 5 வகுப்புப் புத்தகத்துல இருக்கிற இயற்பியல், வேதியியல் எல்லாத்தையும் உள்ள அடைச்சிட்டேன். கேட்டா அனுப்பறேன்.

ஆழியாறு_அக்கா | மே 13

கண்ணு, ஷீட்டை வாங்கி வெச்சுக்கோ, ஆனா வரிசையை மட்டும் அப்படியே எடுத்துக்காத. ஒன்பது வருஷமா இதைப் பண்றேன், அடிபட்டுச் சொல்றேன்.

முதல் வருஷம் நானும் ஒரு அயல்நாட்டுத் திட்டத்தைப் பார்த்து நவம்பர்ல நிலைமின்சாரம்னு எழுதி வெச்சேன். அவங்க ஊர்ல நவம்பர்ல காத்து காஞ்சு கிடக்கும். இங்க ஐப்பசி அடைமழை, துவைச்ச துணியே மூணு நாள் காயல. பலூனைத் தலையில தேய்ச்சுத் தேய்ச்சுப் பொண்ணு அழுகையே வந்துட்டா. காகிதத் துணுக்கு ஒண்ணுகூட அசையல. ஈரக் காத்துல மின்னூட்டம் நிக்காம கசிஞ்சு போயிடும்னு எனக்கே அப்பத் தெரியாது. அதே பலூனைத் தை மாசம் எடுத்தோம். சுவத்துல ஒட்டிக்கிட்டு இறங்கவே மாட்டேன்னுச்சு.

அதுக்கப்புறம் எங்க வீட்ல வரிசை புத்தகத்தைப் பார்த்து இல்ல, வானத்தைப் பார்த்துதான்.

ஆனி, ஆடி: காத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து எங்க பக்கம் ஆளையே தள்ளும். பட்டம், ஓலைக் காத்தாடி, காத்துக்கு இடம் வேணும்னு காட்டற கவிழ்த்த டம்ளர், சிரிஞ்ச். மருந்துக்கடையில ஊசி இல்லாம 5 மி.லி., 20 மி.லி. ரெண்டு ரெண்டு வாங்கிக்கோ, மீன்தொட்டி டியூப் ஒரு மீட்டர். ரெண்டு சிரிஞ்சை டியூப்ல இணைச்சு முதல்ல காத்தை வெச்சு அமுக்கச் சொல்லு, அப்புறம் தண்ணி நிரப்பி அமுக்கச் சொல்லு. காத்து ஸ்பிரிங் மாதிரி திருப்பி உதைக்கும், தண்ணி அப்படியே விசையைக் கடத்தும். சின்ன சிரிஞ்சை அமுக்கினா பெருசு மெதுவா, பலமா ஏறும். இதை வெச்சு அட்டைல ஜேசிபி பண்ணிட்டா ஒரு மாசத்துக்கு உனக்கு வேலையே இல்ல.

ஆவணி: நிழல். இதைத் தனியா எழுதறேன், பெரிய சமாச்சாரம்.

ஐப்பசி, கார்த்திகை: தண்ணி. நேரா நிக்கிற டப்பால ஸ்கேல் ஒட்டி மழையை அளக்கறது, மிதக்கறது முழுகறது, ஊசியைத் தண்ணி மேல படுக்க வைக்கிறது, டியூப்ல தண்ணி தானா ஏறி இறங்கறது. வெளியில போக முடியாத நாளுக்கு ஒலி.

மார்கழி, தை: பலூன், காந்தம், பேட்டரி. தேங்காய் எண்ணெய் உறையறதும் அப்பதான்.

பங்குனி, சித்திரை: வெப்பம். மண்பானை, வெயில், ஐஸ்.

நெம்புகோல், கப்பி எல்லாம் தனி மாசம் வேண்டாம். பாக்குவெட்டி, கத்தரிக்கோல், கிணத்துக் கப்பி, சைக்கிள் பெடல் எல்லாம் எப்பவும் கைக்கு எட்டுற தூரத்துலதான இருக்கு. பாக்குவெட்டில பாக்கைக் கீல் பக்கம் வெச்சு ஒருதரம், நுனில வெச்சு ஒருதரம் வெட்டச் சொல்லு, போதும். (விரல் ஜாக்கிரதை.)

சாக்பீஸ்_தாத்தா | மே 13

மதுரை மாவட்டத்தில் 34 வருடம் இயற்பியல் ஆசிரியர். இப்போது பேரன் பேத்திகளோடு அதே வேலை, சம்பளம் மட்டும் முறுக்கு.

அம்மணி, உங்கள் பையனின் பதிலில்தான் விஷயம் இருக்கிறது. "அந்தப் பாக்கெட்டில் இருந்த பொடி." கிட்டில் எல்லாமே ஏற்கெனவே முடிவானது: என்ன போடணும், எவ்வளவு போடணும், என்ன நடக்கும். பிள்ளைக்கு மிச்சம் இருப்பது ஊற்றுகிற வேலை மட்டும்.

ஒரு நூல், ஒரு இரும்பு நட்டு. கதவு நிலையில் ஆணி அடித்துத் தொங்கவிடுங்கள். ஆட்டிவிடுவதற்கு முன்னால் கேளுங்கள்: ரெண்டு நட்டு கட்டினால் வேகமாக ஆடுமா, மெதுவாகவா? ஆளுக்கு ஒரு பக்கம் சொல்வார்கள். எழுதி வாங்குங்கள். பிறகு பத்து ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று போனில் பார்க்கட்டும். எடையைக் கூட்டினால் மாறாது. கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டாலும் பெரிதாக மாறாது. நூலைக் குறைத்தால் மட்டும் மாறும். நட்டின் நடுவிலிருந்து ஆணி வரை 25 செ.மீ. இருந்தால் போய்வர ஒரு விநாடி. ரெண்டு விநாடி வேண்டும் என்றால் எவ்வளவு நீளம்? 50 என்பார்கள். 50 வைத்துப் பார்க்கட்டும், வராது. ஒரு மீட்டர் வைத்தால்தான் வரும். என் பேத்தி இதைக் கண்டுபிடிக்க ஆறு நாள் எடுத்துக்கொண்டாள், நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆறு நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் கஷ்டம்.

மத்தியப் பிரதேசத்தில் 1972-ல் ஹோஷங்காபாத் மாவட்டப் பள்ளிகளில் இப்படி ஒரு திட்டம் தொடங்கினார்கள். கிராமத்து அரசுப் பள்ளிகளில், கைக்குக் கிடைத்த பொருளை வைத்துப் பிள்ளைகளே செய்து பார்த்துப் பாடம். 2002-ல் நிறுத்தப்படும் வரை முப்பது வருடம் ஓடியது. தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து உருவங்கள் செய்கிற அரவிந்த் குப்தாவின் வேலை அங்கேதான் முளைத்தது. விலை கொடுத்து வாங்க வேண்டியது ரொம்பக் குறைவு.

எக்செல்_அப்பா | மே 13

ஐயா, மரியாதையோட கேக்கறேன். ஒரு ஊசலுக்கு ஆறு நாள்னா மிச்சப் பாடம் எப்ப முடியும்? நாளைக்குப் பிள்ளைங்க பத்தாவது எழுதணுமே.

ஆழியாறு_அக்கா | மே 14

தம்பி, என்.ஐ.ஓ.எஸ்.ல (ஸ்கூல் போகாமலே பரீட்சை எழுதற தேசியத் திறந்தநிலைப் பள்ளி) பத்தாவது எழுத 14 வயசு ஆகணும். உங்க பொண்ணுக்கு எட்டு. நடுவுல ஆறு வருஷம் கிடக்கு. என் பெரியவ இப்ப அதைத்தான் படிக்கிறா. ஊசல் பாடம் வந்தப்ப, "அட, நம்ம கதவு நட்டு"ன்னு சொல்லிட்டு அடுத்த பக்கம் போயிட்டா.

தறிக்காரர்_மனைவி | மே 14

நடுவுல ஒரு வார்த்தை. விளக்கு எரியற பொம்மை, மியூசிக் கார்டுல எல்லாம் பொத்தான் மாதிரி சின்ன பேட்டரி இருக்கும், அதைக் கழட்டி யூஸ் பண்ணிடாதீங்க. விழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ள உணவுக்குழாயை அரிச்சிடும். எங்க சொந்தத்துல ஒரு குழந்தை பட்டிருக்கு. அதே மாதிரி அந்தக் குட்டி பளபளா காந்தம், ரெண்டு உள்ள போனா குடலை நடுவுல பிடிச்சு நசுக்கிடும். பழைய ஸ்பீக்கர்ல இருக்கிற பெரிய வளையக் காந்தம் போதும். சுவத்து பிளக் பாயிண்ட் பக்கம் எந்தச் செய்முறையும் கிடையாதுன்னு முதல் நாளே சொல்லிடுங்க. 1.5 வோல்ட் செல், அவ்வளவுதான்.

கோவை_ரெட்டைவால் | ஜூலை 6

ஜேசிபி வேலை செய்யுது! ஹால் முழுக்கத் தண்ணி.

ஒரு சந்தேகம். தட்டுல தண்ணி, நடுவுல மெழுகுவத்தி, மேல டம்ளரைக் கவுத்தினோம். அணைஞ்சதும் தண்ணி உள்ள ஏறுச்சு. நான் புத்தகத்துல படிச்ச மாதிரியே "ஆக்சிஜன் தீர்ந்துடுச்சு, காத்துல அஞ்சுல ஒரு பங்கு ஆக்சிஜன், அதான் அந்த அளவு தண்ணி ஏறுது"ன்னு சொன்னேன். பெரியவன் மூணு மெழுகுவத்தி வெச்சுப் பார்த்தான். தண்ணி இன்னும் மேல ஏறுது! "மூணு வெச்சா காத்துல ஆக்சிஜன் ஜாஸ்தியாயிடுமாம்மா?"ன்னு கேக்கறான். என்ன சொல்றது?

சாக்பீஸ்_தாத்தா | ஜூலை 6

உங்கள் பையனுக்கு என் சார்பில் ஒரு ஜிகர்தண்டா.

புத்தகங்களில் அந்த விளக்கம் இன்னும் இருக்கிறது. நானும் சர்வீஸில் பாதி நாள் அதையே சொல்லித்தொலைத்தேன். திரும்பச் செய்து, ரெண்டு விஷயத்தை மட்டும் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று, டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பில் குமிழி வருகிறதா? ரெண்டு, தண்ணீர் எப்போது ஏறுகிறது, எரியும்போதா, அணைந்த பிறகா?

கோவை_ரெட்டைவால் | ஜூலை 7

குமிழி வருது! எரியறப்ப லேசாதான் ஏறுது. அணைஞ்ச உடனே சரசரன்னு ஏறுது. சின்னவதான் முதல்ல பார்த்தா.

சாக்பீஸ்_தாத்தா | ஜூலை 7

அப்புறம் என்ன. தீச்சுடர் காற்றைச் சூடாக்கி விரியவைக்கிறது, கொஞ்சம் காற்று டம்ளருக்கு வெளியே போகிறது. அதுதான் குமிழி. அணைந்ததும் உள்ளே மிச்சமிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. மூன்று மெழுகுவத்தி என்றால் சூடு அதிகம், வெளியே போகும் காற்றும் அதிகம். ஆக்சிஜனும் செலவாகிறதுதான், ஆனால் எரிந்து உண்டாகும் கரியமில வாயு அந்த இடத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. தவிர, ஆக்சிஜன் முழுவதும் தீருவதற்குள்ளேயே சுடர் அணைந்துவிடும்.

இதை நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள். குமிழியைப் பார்த்தது அவர்கள்.

எக்செல்_அப்பா | ஜூலை 7

என் ஷீட்ல 14-வது வாரம், "காற்றில் 1/5 பங்கு ஆக்சிஜன் – நிரூபணம்"னு இருந்துச்சு. அழிச்சிட்டேன்.

ஆழியாறு_அக்கா | ஆகஸ்ட் 9

நிழல் சமாச்சாரம். ஆகஸ்ட் 18 சென்னைல சூரியன் சரியா உச்சந்தலைக்கு மேல. நட்டு வெச்ச குச்சிக்கு நிழலே இருக்காது. அதே நாள் கன்னியாகுமரியில நிழல் இருக்கும். ரெண்டு ஊருக்கும் அட்சரேகை வித்தியாசம் 5 டிகிரி. 2,200 வருஷத்துக்கு முன்ன எகிப்துல எரட்டோஸ்தனீஸ் இதே மாதிரிதான் பூமியை அளந்தார். குமரிப் பக்கம் யாராவது இருக்கீங்களா?

முனை_மக்கா | ஆகஸ்ட் 9

நான் உண்டு அக்கா. மகனுக்கு 10 வயசு. குச்சி எவ்வளவு நீளம் வேணும்?

சாக்பீஸ்_தாத்தா | ஆகஸ்ட் 10

சரியாக 100 செ.மீ., தூக்குக்குண்டு விட்டு நிமிர்த்தி நடுங்கள். கடிகாரம் 12-ஐ நம்பாதீர்கள். சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது சுமார் 12.13, குமரியில் 12.24 வாக்கில். 12 மணியிலிருந்தே அஞ்சு நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் சாக்பீஸ் புள்ளி வைத்துவாருங்கள். எது குட்டையோ அதுதான் கணக்கு.

முனை_மக்கா | ஆகஸ்ட் 18

9 செ.மீ.! பய மொட்டை மாடியில செருப்பு இல்லாம நின்னு ஆடினான், தரை சூடு தாங்காம.

எக்செல்_அப்பா | ஆகஸ்ட் 18

இங்க 11.50-ல இருந்து மேகம். 12.10-க்குத் திறந்துச்சு பாருங்க, குச்சி அடியில ஒரு கறுப்புப் பொட்டு மட்டும். மக தன் நிழலைத் தேடிக் குனிஞ்சு குனிஞ்சு பார்த்தா. பக்கத்து மாடில துணி காயப்போட வந்த அம்மாவும் சேர்ந்து தேடினாங்க.

அடுத்து என்ன? கோணம் எல்லாம் 8 வயசுக்கு எப்படி?

சாக்பீஸ்_தாத்தா | ஆகஸ்ட் 18

கோணமே வேண்டாம். ஒரு மீட்டர் கயிறைக் கட்டி மாடியில் சாக்பீஸால் முழு வட்டம் போடுங்கள். வட்டத்தின் விளிம்பில் சணல் ஒட்டிக்கொண்டே சுற்றி அளந்தால் 628 செ.மீ. பக்கம் வரும். அதில் 9 செ.மீ. எத்தனை தடவை அடங்கும்? சுமார் 70. அப்படியானால் சென்னை–குமரி மாதிரி 70 துண்டு சேர்ந்தால் பூமியைச் சுற்றி வந்துவிடலாம். ரோட்டுத் தூரம் எடுக்காதீர்கள், ரோடு சாய்ந்து வளைந்து போகிறது. மேப்பில் வடக்கு-தெற்காக மட்டும் பார்த்தால் சுமார் 550 கி.மீ.

முனை_மக்கா | ஆகஸ்ட் 18

38,500. நெட்ல 40,000-னு போட்டிருக்கு. "1,500 கிலோமீட்டர் எங்கப்பா போச்சு?"ன்னு கேக்கான். நிழல் நுனி மங்கலா இருந்துச்சுல்லா, அரை சென்டிமீட்டர் அங்க இங்க ஆயிருக்கும்னேன். அடுத்த தடவை மூணு மீட்டர் குச்சி வேணும்ங்கான்.

கோவை_ரெட்டைவால் | நவம்பர் 21

மழை, வீட்டுக்குள்ளயே கிடக்கோம். ஒரே மாதிரி நாலு கண்ணாடி பாட்டில்ல வேற வேற அளவு தண்ணி ஊத்தி ஸ்பூனால தட்டினோம். தண்ணி கூடக் கூட ஒலி தடிமனாச்சு. பெரியவன் நோட்ல எழுதிட்டான்: "தண்ணி ஜாஸ்தி = கீழ் ஸ்வரம்." சின்னவ அதே பாட்டில் வாயில உதட்டை வெச்சு ஊதினா. தண்ணி கூடக் கூடக் கீச்சுன்னு ஏறுது! தலைகீழ்! ரெண்டு பேருக்கும் கைகலப்பு. நான் இங்க ஓடி வராம, "எது ஆடுது?"ன்னு மட்டும் கேட்டேன். சாயங்காலம் பெரியவன் வந்து, "தட்டினா பாட்டில் ஆடுது, தண்ணி அதைக் கனமாக்குது. ஊதினா உள்ள இருக்கிற காத்து ஆடுது, தண்ணி அதைக் குட்டையாக்குது"ன்னான். பூவரச இலைப் பீப்பியைக் கத்தரிச்சுக்கிட்டே வந்தா கீச்சுனு ஆகும்ல, அதை வெச்சுப் பிடிச்சிருக்கான்.

பி.காம். அம்மா கண்ணுல தண்ணி.

சாக்பீஸ்_தாத்தா | நவம்பர் 21

கனமாக்குவதைப் பிடித்துவிட்டான் என்றால் டப்பா வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டி, நடுவில் பிசைந்த ரவையை ஒரு அப்பு அப்பித் தட்டச் சொல்லுங்கள். மிருதங்கக்காரர் தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், ரவை அப்புவது இதற்குத்தான். வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், இருக்கிற கறுப்புச் சோறு இன்னும் நுட்பமான சங்கதி. சாதாரணத் தோல் மேளத்தில் ஒத்திசையாத மேல்சுரங்களை அது இணங்கவைக்கிறது. சி.வி.ராமன் 1920-லேயே நம் தோல் வாத்தியங்களைப் பற்றி எழுதினார். நோபல் வாங்கிக்கொடுத்த ஒளிச்சிதறல் அதற்கு எட்டு வருடம் கழித்து, 1928 பிப்ரவரி 28-ல்.

தறிக்காரர்_மனைவி | ஜனவரி 8

எலுமிச்சம்பழத்துல எல்.இ.டி. எரியவே மாட்டேங்குது. ஒரு பழம், ஒரு ஆணி, ஒரு செம்புக் கம்பி. வீடியோல எரியுது.

ஆழியாறு_அக்கா | ஜனவரி 8

ஒரு பழம் ஒரு வோல்ட்டுக்குக் கீழதான் தரும். சிவப்பு எல்.இ.டி.க்கே கிட்டத்தட்ட ரெண்டு வேணும். நாலு பழத்தை வரிசையா கோர்த்து விடுங்க, ஒரு பழத்தோட செம்பு அடுத்த பழத்து ஆணிக்கு. ஆணி சாதா இரும்பா இருக்கப்படாது, துத்தநாகம் பூசின ஜி.ஐ. ஆணி. எல்.இ.டி.யோட நீட்டுக் கால் செம்புப் பக்கம். ராத்திரி விளக்கணைச்சுட்டுப் பாருங்க, மினுக்குன்னுதான் எரியும். அந்தப் பழத்தை அப்புறம் சாதத்துல பிழிஞ்சுடாதீங்க.

தறிக்காரர்_மனைவி | ஜனவரி 9

எரிஞ்சுது. மின்மினி அளவுதான். மூணு வயசுக் குட்டி கைதட்டினா.

கோவை_ரெட்டைவால் | மார்ச் 19

வரவு செலவு சொல்லிடறேன். காந்தம் தவிர மிச்சதெல்லாம் ஏதோ ஒரு விதத்துல நடந்துது. காந்தம் வெச்சு ஆத்து மணல்ல இருந்து கறுப்புத் துகள் எடுத்தோம், அதோட ரெண்டு பேருக்கும் ஆர்வம் போயிடுச்சு, நானும் விட்டுட்டேன். கண்ணாடி, லென்ஸ் பக்கம் போகவே இல்ல. எண்ணிப் பார்த்தா மொத்தம் 17 செய்முறை. கிட்ல 40.

திட்டத்துல இல்லாததுதான் பெருசாச்சு. பொங்கலப்ப ஆரத்தி கரைக்கறேன், சின்னவ பக்கத்துல. மஞ்சள் தண்ணில சுண்ணாம்பு விழுந்ததும் ரத்தமாச்சுல்ல, "இப்ப யாரு சிவப்புப் போட்டா?"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா. மஞ்சளும் வெள்ளையும்தான்னு காட்டினேன், நம்பல. அவளே கலக்கினா. அப்புறம் எலுமிச்சை பிழிஞ்சா, திரும்ப மஞ்சளாச்சு. ஒரு வாரம் வீட்ல இருக்கிற எல்லாத்தையும் மஞ்சள் தண்ணில சொட்டு விட்டா: துணி சோப்பு, தயிர், புளி, சமையல் சோடா, அவங்கப்பாவோட ஷேவிங் கிரீம். சுவத்துல ரெண்டு பட்டியல் ஒட்டிருக்கு, "செவப்பாக்கும்", "ஆக்காது". தயிருக்கு முன்னாடி ஒரு கேள்விக்குறி. வேட்டில கறை, அது தனிக் கதை.

இப்ப மண்பானை ஓடுது. ஒரே வாளித் தண்ணிய பானையிலயும் சில்வர் தவலையிலயும் ஊத்தி நிழல்ல வெச்சோம். மூணு மணிக்கு தவலை 33, பானை 26.

எக்செல்_அப்பா | மார்ச் 19

நாங்களும் அதேதான் பண்ணினோம். தவலை 31, பானை 28. மூணு டிகிரிதான் இறங்குச்சு! உங்களுக்கு ஏழு. பானை சரியில்லையோன்னு வேற பானை வாங்கினேன். அதுவும் 28.

கோவை_ரெட்டைவால் | மார்ச் 20

பையன்கிட்ட காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அந்த அங்கிள் வீட்ல துணி காய எவ்வளவு நேரமாகும்னு கேளுங்க"ங்கறான்.

எக்செல்_அப்பா | மார்ச் 20

மகளும் நானும் ஈரக் கைக்குட்டை கொடியில போட்டிருக்கோம். நீங்களும் இப்பவே அதே அளவு ஒண்ணு போடுங்க. ஷீட்ல புதுசா ஒரு வரிசை சேர்த்தாச்சு.

ஆழியாறு_அக்கா | மார்ச் 21

கோவைக்காரங்க குறிச்சுக்கோங்க: நிழலில்லா நாள் ஏப்ரல் 18, 19 வாக்குல, மதியம் சுமார் 12.22. முனை மக்கா, அந்த மூணு மீட்டர் குச்சி ரெடியா?

முனை_மக்கா | மார்ச் 21

குச்சி உண்டு அக்கா. நேரா நிக்க மாட்டேங்கு, காத்து. அதுக்கு இப்பம் முட்டுக் கொடுக்க வழி யோசிச்சிட்டிருக்கான்.